ஒரே வரிசையின் நியாயம்

மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூர், புதுச்சேரி நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, விழுப்புரம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி, நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் பூமியில் அமைந்த ஊர். சர்க்கரை நோய் வசதியுள்ளோரின் வியாதி என்ற பழைய அபிப்பிராயம் இத்தகைய ஊர்களில் இன்னும் முற்றும் மறையவில்லை. ஆயினும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு இந்நோய் உண்டென்றும், புதுச்சேரியில் அது 26.3 சதவீதம் என்றும் கண்டது. நால்வரில் ஒருவருக்கு மேல் என்பது சிறு கணக்கன்று.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்நோய்க்கு மாத்திரை இலவசம். சீட்டு எழுதுபவர் எவரிடமும் ஜாதி கேட்பதில்லை. முன்னே வந்தவர் முன்னே நிற்கிறார். வாசலுக்கு வந்தவர்களை இவ்வாறு பேதமின்றி நடத்திவிட்டால் நிலையத்தின் கடமை தீர்ந்துவிடுமா, வர இயலாதவர்களுக்கு அதிகமாகச் செய்யவும் அது கடமைப்பட்டதா என்பதே சிந்திக்கத்தக்க கேள்வி.

கரும்பு வெட்டப் போகும் ஒரு கூலிப்பெண்ணின் ஸ்திதியை எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மீண்டும் கொடுத்து, முடிவு தெரிந்து மாத்திரை வாங்கி வெளியே வருவதற்குள் அன்றைய கூலி போய்விடுகிறது. நிலையம் திறந்திருக்கும் வேளையே அவள் வயலில் இருக்க வேண்டிய வேளை. இம்மாதம் வராமலிருந்தால் உடனே ஒன்றும் நேர்வதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சகம். நாளடைவில் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி குன்றுகின்றன. கட்டை குத்திய காயம் வலிப்பதில்லை. வலிக்காத காயத்தோடு சேற்றில் நடந்தவள், சீழ் வைத்து விரல் கறுத்த பிறகே புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறாள். இப்பகுதியின் வயற்கூலிகளில் பலர் ஊருக்கு வெளியே காலனித் தெருக்களில் வாழும் ஆதிதிராவிடர்கள். எவரும் தீங்கு நினையாமலே, ஊரையும் காலனியையும் பிரித்த பழைய கோடு மருந்துச் சீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 2002-இல் வெளியான ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை, வருமானமும் காப்பீடும் ஒத்திருந்தபோதும் கறுப்பினத்தார்க்குக் குறைவான சிகிச்சையே கிடைப்பதை எடுத்துக்காட்டியது. இனமும் ஜாதியும் ஒன்றெனக் கொள்வதற்கில்லை. எனினும், பொது விதி ஒன்று பழைய ஏற்றத்தாழ்வைத் தீர்க்காமல் சுமந்துசெல்லக்கூடும் என்பது இரண்டிடத்தும் மெய். அளவுகோலுங்கூட அப்படிப்பட்டதே. நம்மவர் தேகம் மெலிந்திருக்கும்போதே இந்நோய்க்கு ஆளாவதால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல் ஆசிய வம்சத்தாரைப் பரிசோதிப்பதற்குரிய உடல் எடைக் குறியீட்டை 25-இலிருந்து 23-ஆகக் குறைத்தது. ஒல்லியான கூலியாளுக்குச் சர்க்கரை ஏது என்று பரிசோதியாமல் விடுபவர், வேறு தேகங்களுக்கு வகுத்த அளவினாலேயே அவரை அளக்கிறார்.

வர இயலாதவர்களைத் தேடி நிலையமே செல்ல வேண்டும் என்பதற்கு வரும் ஆட்சேபங்களில் ஒன்று கனமானது. மருத்துவரும் செவிலியரும் சிலரே. அவர்களைக் காலனிக்கு அனுப்பினால், வரிசையில் நிற்கும் முதியவர் இன்னும் வெகுநேரம் நிற்பார். அவரும் ஏழையாகவே இருக்கலாம். இதை அற்பமென்று தள்ள இயலாது. ஆனால் அவர் இழப்பது நேரம். வராதவள் இழக்கக்கூடியது கால். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது. சர்க்கரை கூடியும் சோற்றைக் குறைத்துக்கொள்ளாதது அவரவர் குற்றம் என்று வேறு ஆட்சேபம் சொல்வோர், ரேஷன் அரிசியையன்றி வேறெதை உண்ணும் வசதி அவர்களுக்கு உண்டென்று சொல்வதில்லை.

எல்லைக்கு அப்பால், 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தமிழ்நாடு அரசு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. ஆகவே இது செய்ய இயலாத காரியமன்று. காலனிக்கு மட்டும் மருந்து வண்டி போனால் அது ஒரு தெருவின் மேல் இட்ட முத்திரையாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆதலால் வண்டி எல்லாத் தெருக்களுக்கும் போகட்டும். மருந்து வாங்க வராதவர்களைத் தெருவாரியாகப் பதிவேட்டில் கணக்கெடுத்து, அதிகம் பேர் விடுபட்ட தெருவுக்கு முதலில், வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் போகட்டும். அந்தக் கூடுதல் நேரத்தின் சுமையைச் சுகாதாரப் பணியாளரின் தலையில் கட்டாமல், அதற்குரிய ஊதியத்தை அரசே ஏற்றல் வேண்டும்.