விருந்தாளி வந்ததும் பிள்ளைகளை உள்ளே அனுப்பலாமா?

சென்ற நோன்புப் பெருநாளன்று நம் வீட்டில் நடந்த ஒரு சிறு விஷயத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். வியாபாரத் தொடர்புடைய நண்பர்கள் சிலர் பகல் உணவுக்கு வந்திருந்தனர். நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் தாளிச்சாவும் தயாராயிருந்தன. அடுக்குமாடி வீட்டின் கூடம் சிறியது. ஆகவே பிள்ளைகள் மூவரையும் படுக்கையறைக்குள் அனுப்பி, கையில் தொலைபேசியையும் கொடுத்து, "சத்தம் வரக்கூடாது" என்று எச்சரித்துக் கதவைச் சாத்தினோம். விருந்தினர் வயிறார உண்டு வாயார வாழ்த்திச் சென்றனர். பிறகு கதவைத் திறந்தபோது கடைசிப் பையன் கேட்டான்: "அத்தா, அவங்க போயிட்டாங்களா? இனிமே நாங்க வரலாமா?"

அவன் குறையாகக் கேட்கவில்லை. அதுதான் நம்மை உறுத்திற்று. விருந்தாளி வந்தால் தான் மறைய வேண்டும் என்பதை ஓர் ஒழுங்காகவே அவன் ஏற்றுக்கொண்டிருந்தான்.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானைச் சேர்ந்த காரியம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். இதில் நம்மவர் எவருக்கும் ஐயமில்லை. நாம் கேட்பது வேறு. அந்தக் கண்ணியத்துக்கான விலையை வீட்டில் யார் கொடுப்பது? பிள்ளைகளிடமிருந்து அதை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

இப்பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தோம். 1826ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவிய காலந்தொட்டு, இத்தீவுக்கு வந்த நம் வணிகர் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்தவர்கள். கடையே வீடு, கடையாட்களே குடும்பம். விருந்தாளி வந்தால் ஆண்கள் சமைத்து ஆண்கள் பரிமாறினார்கள். பிள்ளைகளோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது அத்தாவே அந்த வீட்டுக்கு விருந்தாளி! கடையநல்லூர், தென்காசி மக்கள் மனைவி மக்களோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். அவர்கள் கதை வேறு. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின்னர் நம்மில் பெரும்பாலோர் குடும்பத்துடன் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் அருகிலேயே இருக்கிறார்கள். ஆனால் விருந்து என்றதும் அவர்களைக் கதவுக்கு அப்பால் அனுப்பிவிடுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அன்சாரித் தோழர் ஒருவரின் சரித்திரம் நாம் மதறஸாவில் கேட்டதுதான். பசித்து வந்த ஒருவரை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகளுக்கான உணவைத் தவிர வீட்டில் வேறொன்றுமில்லை. மனைவியிடம் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைத்து, விளக்கையும் அணைத்து, தாமும் உண்பதுபோல் காட்டிக்கொண்டு, இருந்ததை விருந்தாளிக்குக் கொடுத்தார். இச்செயலை அல்லாஹ் உவந்தான் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அறிவித்தார்கள். "அந்த வீட்டில் பிள்ளைகள் பசியோடு தூங்கவில்லையா? நம் பிள்ளைகள் சற்று நேரம் அறைக்குள் இருந்தால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம்.

நாம் ஆலிம் அல்லர், கடைக்காரர். ஆயினும் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறோம். அப்பிள்ளைகள் உணவின்றித் துன்புறும் நிலையில் இருந்திருந்தால் அவர்களுக்கு ஊட்டுவதே முதற்கடமையாக இருந்திருக்கும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் கூறியிருக்கிறார்கள். மேலும், அந்த வீட்டில் ஒருவர் உணவுக்கு மேல் இல்லை. பெற்றோரும் பட்டினி கிடந்தனர். நம் வீட்டிலோ சட்டி நிறைய ஆணம் இருந்தது. நாமும் விருந்தினரோடு சேர்ந்து உண்டோம். பிள்ளைகளை மட்டும் ஒதுக்கினோம். எதற்காக? விருந்தினரின் பசிக்காகவா? இல்லை, நம் பெருமைக்காக. பிள்ளை சோற்றைச் சிந்திவிடுவான், இரண்டாம் முறை இறைச்சி கேட்பான், வீட்டு விஷயத்தை உளறுவான் என்ற அச்சத்துக்காக. அந்தத் தோழர் இருட்டில் மறைத்தது தம் பசியை. நாம் கதவுக்குப் பின்னால் மறைத்தது நம் பிள்ளைகளை.

நபிகள் நாயகத்தின் (ஸல்) சபையில் பிள்ளைகள் எவ்வாறு இருந்தனர்? ஒருமுறை அவர்களுக்குப் பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். முறைப்படி வலப்பக்கத்தவருக்கே முதலில் கொடுக்க வேண்டும். முதியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடமே அவர்கள் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து வரும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தரமாட்டேன் என்று அவர் கூறவே, பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முதியவர்களுக்குக் கண்ணியம் செய்யும் ஆவல் அங்கே இருந்தது. ஆனால் அதற்காகச் சிறுவரின் பங்கைக் கேளாமல் எடுக்கவில்லை. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகனார் சிறுவராயிருந்தபோது தட்டெங்கும் கையை ஓட்டி உண்டார். அவரை எழுப்பி அனுப்பவில்லை. பிஸ்மி சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தனக்கு அருகிலிருப்பதை உண்ணவும் அந்தத் தட்டின் முன்னேயே கற்றுக்கொடுத்தார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாத விஷயமன்று. மகன் தொழில் பழக வேண்டுமானால் அவனைக் கடையில் நிறுத்துகிறோம். எடை போடச் சொல்கிறோம். சில்லறை எண்ணச் சொல்கிறோம். முதலில் தவறுவான், பிறகு தேறுவான். வீட்டில் பூட்டி வைத்துக் கடைத்தொழில் கற்பித்தவர் உண்டா? விருந்தோம்பல் மட்டும் பூட்டிய அறைக்குள் எப்படி வரும்? இன்று விருந்தென்றால் அண்டாவோடு பிரியாணி வெளியிலிருந்து வந்துவிடுகிறது. பரிமாறப் பணிப்பெண் இருக்கிறாள். நாளை நம் பிள்ளைகளுக்கு விருந்து என்பது பணம் கொடுத்து வாங்கும் சரக்காகவே தோன்றினால் அது யார் குற்றம்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மகள் வெங்காயம் உரிப்பாள், மகன் விருந்தினரோடு உட்காருவான். வீட்டு வேலையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, நம் மகன் தட்டுக் கழுவினால் என்ன குறைந்துவிடும்?

ரமலானில் டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளியில் நோன்புக் கஞ்சி வழங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல வீட்டிலும் ஒருநாள் காய்ச்சுங்கள். பூண்டு உரிப்பது ஒரு பிள்ளை, பாசிப்பருப்புக் கழுவுவது ஒரு பிள்ளை. பக்கத்து வீட்டுச் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது கடைக்குட்டியின் வேலை.

சென்ற மாதம் அதே நண்பர்களை மீண்டும் அழைத்தோம். இம்முறை மூத்தவன் விரிப்பை விரித்தான். மகள் தாயாரோடு சோறு எடுத்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தாள். கடைசிப் பையன் ஆணத்தைக் கொண்டுவந்து விரிப்பில் பாதி சிந்தினான். கோபம் நாக்கு நுனிவரை வந்தது. பத்தாண்டுகள் நபிகளுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லைக் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வர, விழுங்கிக்கொண்டோம். விருந்தினர் ஒருவரே துடைத்துவிட்டார்.

அவர்கள் சென்றபின் பையன் முகம் வாடியிருந்தது. "அத்தா, நான் பார்த்து வச்சிருந்த பெரிய துண்டை அவங்க எடுத்துட்டாங்க." "நீ கேட்டிருக்கலாமே?" என்றோம். "அவங்க நம்ம வீட்டுக்கு வந்தவங்க இல்லையா?" என்றான்.

பெருநாளன்று அவனுடைய இடத்தை நாம் எடுத்து விருந்தாளிக்குக் கொடுத்தோம். இன்று அவனே தன் துண்டை விட்டுக்கொடுத்தான். முன்னதில் அவன் கற்றது ஒன்றுமில்லை. நம் வீட்டு விரிப்புகளில் நம் மக்களுக்கும் இடமளிக்கும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.