உப்பரிகையில் ஒரு சோதனை



லெந்து நாட்களில் நம் ஆண்டவர் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை மறுபடியும் வாசிக்கிறோம். கல்லை அப்பமாக்கும் சோதனை நமக்கு எளிதில் விளங்குகிறது. பசி நாம் அறிந்ததுதான். தேவாலயத்து உப்பரிகையில் நடந்த சோதனையே (மத்தேயு 4:5-7) நம்மை ஏமாற்றக்கூடியது. பிசாசு அங்கே வேத வசனத்தையே எடுத்துப் பேசுகிறான். தேவன்மேல் வைக்கும் நம்பிக்கையைச் சேதம் வராமைக்கான உத்தரவாதச் சீட்டாக்குவதே அவன் தந்திரம். சேதம் வராது என்பதற்காகவே நேர்மையாய் இருந்தவன், சேதம் வருவதைக் கண்டபின் ஏன் நேர்மையாய் இருக்க வேண்டும்?

இதை எண்ணும்போது கொல்கத்தாவின் ஜாதவ்பூர் நினைவுக்கு வருகிறது. 1970-இல் நக்சலைட் இயக்கத்தின் கொந்தளிப்பு அந்நகரின் கல்விக்கூடங்களைக் கலக்கியது. தேர்வுகளைப் புறக்கணிக்கும்படி மிரட்டல்கள் எழுந்தன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தவர் கோபால் சந்திர சென். இயந்திரப் பொறியியல் பேராசிரியர், காந்தியவாதி. அவர் தேர்வுகளை நடத்தினார், முடிவுகளையும் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 30 மாலை, வளாகத்திற்குள் வீட்டுக்கு நடந்து செல்லுகையில் கொலை செய்யப்பட்டார். அவர் ஓய்வுபெற ஒரே நாள்தான் மீதியிருந்தது.

அவரை நம் விசுவாசத்தின் சாட்சியாக உரிமை கொண்டாட நமக்கு நியாயமில்லை. ஆனால் அவர் காத்து நின்ற காரியம் எவ்வளவு சாதாரணமானது என்பதைக் கவனியுங்கள். படித்த பிள்ளைகளுக்குத் தேர்வும் அதன் முடிவும் காலத்தில் கிடைக்கவேண்டும் என்ற அன்றாடக் கடமை, அவ்வளவே.

நமது நெருக்கடியும் பெரும்பாலும் காகிதத்தில்தான் வருகிறது. பொய்யான மருத்துவச் சான்றிதழ், போகாத பிரயாணத்திற்குப் பயணப்படி, மார்ச் மாதக் கணக்கில் மேலதிகாரி இடச்சொல்லும் கையெழுத்து. (லெந்து காலமும் நிதியாண்டின் முடிவும் அநேகமாய் ஒன்றாகவே வருவது விசித்திரம்தான்!) நாற்பது நாள் மாமிசம் தொடாதவர்கள் அந்தப் பேனாவைத் தொட்டுவிடுகிறோம். பதவி உயர்வு போகும், தூரத்திற்கு மாற்றல் வரும் என்ற பயம் வீண் பயமும் அல்ல. சில வேளைகளில் அப்படியே நடக்கிறது. அதை மறைத்து, உண்மையாயிருந்தால் கர்த்தர் உயர்த்துவார் என்று மட்டும் பிரசங்கிப்பது, உப்பரிகையில் கேட்ட குரலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

தூரா சமபூமியில் நின்ற மூன்று எபிரெய வாலிபர் (தானியேல் 3), தேவன் தங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று அறிக்கையிட்டார்கள். அவர் தப்புவிக்காவிட்டாலும் சிலையைப் பணிவதில்லை என்பதையும் அதே மூச்சில் ராஜாவுக்குச் சொன்னார்கள். அக்கினிக்குள் உலாவிய நான்காம் ஆளை அவர்கள் அப்போது இன்னும் காணவில்லை.