மருந்துவாழ் மலையில் எழுந்த ஐயம்

விடுமுறை நாட்களில் அதிகாலையே திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கூடி, நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையேயுள்ள மருந்துவாழ் மலைக்கு ஏறச் செல்லும் வழக்கம் நம்முள் சிலருக்கு உண்டு. பெரிய மலையன்று, 1868 மீட்டர் உயர்ந்த அகத்தியர்கூடத்தின் முன் இதனைக் குன்று என்றே கூறலாம். அநுமன் சுமந்து சென்ற மூலிகை மலையிலிருந்து வீழ்ந்த துண்டு என்பது ஊர்க்கதை. ஏறும் வழியில் சிறு கோயில்கள் உண்டு.

சென்ற முறை, நம்முடன் வந்த முதிய அன்னையார் ஒருவர் அங்கே சூடம் ஏற்ற விரும்பினார். மகன் தடுத்தார். “திரிசரணம் ஏற்றபின் இது எதற்கு?” என்றார். அவர் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. கிழக்கேகோட்டைக்கு அருகிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலில், 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவரும்வரை நம் முன்னோர்க்கு இடமில்லை. அவ்வாறு பிந்தித் திறந்த கதவை நாடாமல், 1956இல் அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழியில் வந்தவர்கள் நாம்.

ஆயினும் மலை என்ன குற்றம் செய்தது? பகவன் புத்தர் இராசகிருகத்துக் கழுகுக் குன்றில் தங்கி அறமுரைத்தார். இலங்கையில் மான் வேட்டையாடிய மன்னன் மகிந்த தேரரைச் சந்தித்தது மிகிந்தலைக் குன்றில் என்பர். உலாவும் தியானத்தின் பயன்கள் ஐந்து என அங்குத்தர நிகாயம் கூறும்: நெடுவழி நடக்கும் ஆற்றல், முயற்சியில் உறுதி, நோயின்மை, உண்டது செரித்தல், நடையிற் பெற்ற ஒருமைப்பாடு நெடிது நிலைத்தல். எம்மலையில் நடப்பது என்று அங்கே கூறப்படவில்லை. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையும் இம்மலையில்தான் உள்ளது. அதைக் காணவும் பலர் வருகின்றனர்.

சடங்கினால் விடுதலை கிட்டும் எனப் பற்றுவதைப் பகவன் தளைகளுள் ஒன்றாக வைத்தார். சூடம் ஏற்றுவது மட்டுமா பற்று? ஏற்றலாகாது எனத் தாயின் கையைப் பிடிப்பதும் பற்றன்றோ? அகத்தியர்கூடத்தில் பெண்டிர் ஏறுதற்கிருந்த தடை, 2018இல் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது. அத்தடையைப் பழித்த நாமே இச்சிறு குன்றில் ஒரு பெண்ணை வழிமறித்து நிற்கலாமா?

இவ்வாறு நாம் கேட்டபோது மகன் விடையளிக்கவில்லை; கையை மட்டும் எடுத்தார். அன்னையார் சூடம் ஏற்றித் திரும்பும்வரை பாறை நிழலில் அமர்ந்திருந்தோம். பின்னர் உச்சியில், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் தெரியுமிடத்தில், நாம் கண்மூடி இருந்தபோது அவரும் அருகே வந்து அமர்ந்தார். இறங்கும்போது அவர் கைப்பையை மகனே சுமந்து வந்தார்.