மலைக்காரர் கையும் கோடாரியும்



அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டொனால்ட் கிளிஃப்டன் என்றொரு உளவியல் பேராசிரியர் இருந்தார். 1924-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்துக்குத் திசை சொல்லும் அதிகாரியாக இருந்துவிட்டு, ஊர் திரும்பி உளவியல் படித்தார். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மனிதனுக்கு என்ன கோளாறு என்பதுதான் பாடம். அவனிடம் நன்றாக இருப்பதை ஆராய்ந்தால் என்ன என்று கேட்டார். கடைசிவரை அதையே தொழிலாகக் கொண்டார். அவர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த கேள்வித்தொகுப்பு மனிதத் திறமைகளை 34 வகையாகப் பிரித்துச் சொன்னது. 2002-இல் அமெரிக்க உளவியல் சங்கம் அவரைப் பாராட்டியது. மறு வருடம் காலமானார்.

நல்ல கேள்விதான். ஆனால் அந்தத் தேர்வைப் பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள் காசு கட்டி எழுதுகிறார்கள். நம் கல்வராயன் மலையின் கரியாலூரில் யார் எழுதப் போகிறார்கள்? அதனால் அதே கேள்வியைத் தேர்வுத்தாள் இல்லாமல் கேட்ட ஒருவரைச் சொல்கிறேன்.

ரோமுலஸ் விட்டேகர். நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக இந்தியா வந்து, சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கியவர். அவருக்குப் பாம்பு பிடிப்பதில் குருவாக இருந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினர். மண்ணில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து, என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் திறமையைத் தோல் வியாபாரிகள் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். பாம்பைக் கொன்று தோலைக் கொடு, காசை வாங்கிக்கொள் என்பது ஏற்பாடு. 1972-இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. இருளர் வீட்டு அடுப்பும் சேர்ந்து அணைந்தது.

அப்போது வேறு தொழில் பழகுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. விட்டேகரோ அவர்களோடு சேர்ந்து, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாக வழி செய்தார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடிப்பார்கள். சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி மறுபடி காட்டில் விடுவார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் இருக்கும் இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிற்று. 2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே கூப்பிட்டார்கள், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துத் தர. பிடித்துத் தந்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

கவனியுங்கள், தோல் வியாபாரியும் விட்டேகரும் பார்த்தது ஒரே திறமையைத்தான்.

இதே கதை நம் மலையிலும் நடந்தது, பாதி மட்டும். கல்வராயன் மலைக்காரர் கோடாரி பிடித்தால் மரம் சொன்ன பக்கம் சாயும். இந்தக் கைத்திறனைத் தேடி வந்து, முன்பணம் கொடுத்து, வண்டி வைத்துக் கூட்டிப் போனவர்கள் செம்மரக் கடத்தல் ஏஜெண்டுகள். கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி என்று மலை மலையாக ஆள் எடுத்தார்கள். போனவர்கள் ஆந்திரச் சிறைகளில் கிடந்தார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏஜெண்டுகளுக்குத் தெரிந்த திறமை நம் திட்ட அதிகாரிகள் கண்ணில் படாமல் போனது எப்படி என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. கீழ்நாட்டுக்காரர்களான நமக்கோ, 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் என்றால் சாராய ஊறல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் மலையில் கடுக்காயும் இருக்கிறது. சித்த மருந்துக்கும் போகிறது, தோல் பதனிடவும் போகிறது. எந்த மரத்துக் காய் சதைப்பற்று, எதை எப்போது பொறுக்கினால் எடை நிற்கும் என்பதெல்லாம் அங்கே பாட்டிமார்களுக்கு மனப்பாடம். 2006-ஆம் வருடத்து வன உரிமைச் சட்டம் அந்தக் காயைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. காயின் அருமை தெரிந்த அந்தப் பாட்டியே அதன் விலையையும் சொல்வதற்கு, வடநெம்மேலி மாதிரி அவர்கள் கையிலேயே இருக்கும் ஒரு சங்கம் வேண்டும்.

அதற்குமுன் ஒரு சின்ன வேலை. கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ ஓர் ஆசிரியர், 'உங்கள் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்?' என்று பிள்ளைகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். கிளிஃப்டனின் 34-இல் இல்லாத சிலவும் அதில் வரும்.