காலும் காலமும்

பாலக்கோட்டைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், தக்காளிக் கூடைகள் மண்டிக்குப் புறப்படும் விடியற்காலையில், 75 வயதைக் கடந்த ஒரு பெரியவர் வலக்கால் திடீரென்று சில்லிட்டுப்போய் உயிர் போகிறாற்போல் வலிக்கிறது என்று சொன்னால், வீட்டார் அதை வாதம் என்றே கொண்டு, எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, தவிட்டு ஒத்தடம் கொடுத்து, சற்றுப் படுத்திருக்கச் சொல்வார்கள். மாலைக்குள் கால் வெளுத்து மரத்து, விரல்கள் அசைய மறுக்கும் வேளையில், திண்ணையிலிருந்து ஒரு குரல் எழும்: “வயசாயிடுச்சு, இனிமே அவரைப் போட்டு எதுக்கு அறுக்கிறது? கடவுள் விட்ட வழி.” இந்த வாக்கியத்தில் பக்தி எவ்வளவு, வேறு சமாசாரம் எவ்வளவு என்பதே என் விசாரம்.

நடந்தது இன்னதென்று முதலில் பார்ப்போம். துடிப்பு தாறுமாறான முதிய இதயத்தின் அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி ஒருநாள் பெயர்ந்து, தொடையின் தலைப்பில் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் சென்று அடைத்துக்கொள்கிறது. நெடுநாளைய பீடியாலும் சர்க்கரை நோயாலும் குறுகிப்போன குழாய் தானே அடைபடுவதும் உண்டு. இரத்தம் அறவே நின்ற தசையும் நரம்பும் ஏறக்குறைய 6 மணி நேரமே பொறுக்கும். உணர்விழந்த தோல் சூடு தெரியாமல் வெந்துபோகும் ஆதலால், அன்போடு கொடுத்த அந்த ஒத்தடமும் அபகாரமே. இரத்தம் மேலும் உறையாதிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு, தொடையில் சிறு கீறலிட்டு, நுனியில் சிறு பலூன் கொண்ட மெல்லிய குழலைச் செலுத்தி, கட்டிக்கு அப்பால் அதை ஊதி, கட்டியோடு வெளியே இழுத்துவிடும் உபாயத்தை அமெரிக்க வைத்தியர் தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் வெளியிட்டார். ரப்பர் கையுறையின் விரல்நுனியை, தூண்டிலுக்கு ஈ கட்டும் முடிச்சுப் போட்டு, ஒரு குழலில் பிணைத்ததுதான் அவருடைய முதல் கருவி! அந்தச் சிகிச்சையை நாடித் தர்மபுரிக்கோ, சேலத்துக்கோ, பெங்களூருக்கோ புறப்பட வேண்டிய மணிகளைத்தான் திண்ணை வேதாந்தம் தின்றுவிடுகிறது.

சரீரம் அநித்தியம் என்பது மெய்யே. ஆனால் வைராக்கியம் என்பது ஒருவன் தன் உடைமையைத் தானே விடுவது. பிறன் காலைத் தான் விடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கறவை மாட்டுக்கு மடி வீங்கினால் நடுநிசியில் வைத்தியரை எழுப்புகிற வீடு, கிழவர் கால் குளிர்ந்ததும் தத்துவம் பேசத் தொடங்குவதை நான் நம்புவதற்கில்லை. பெரும்பாலும் அதன் அடியில் இருப்பது கையில் காசில்லாமையும் ஆஸ்பத்திரி பயமுமே. அந்த வறுமைக்கு நான் தலைவணங்குவேன். அதற்குக் காவி உடுத்துவதற்கு மாத்திரம் சம்மதியேன்.

சேக்கிழார் காட்டும் அப்பரை நினைத்துக்கொள்கிறேன். தள்ளாத வயதில் கயிலைக்கு நடந்த அவர், பாதங்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்து, கைகளும் தேய்ந்தபின் மார்பால் உந்தி, அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். முனிவர் வேடத்தில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் இசையவில்லை. தன் காலைத் தேய்த்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கே இருந்தது. அதனினும் என்னை நிறுத்துவது அடுத்த செய்தி: காட்சி தருவதற்குக் கால் தேவையில்லாத கடவுள், முதலில் சிதைந்த அங்கங்களை முழுமையாக்கி அவரை எழச் செய்தார், அதன்பிறகே பொய்கையில் மூழ்கவைத்துத் திருவையாற்றில் கயிலைக் கோலம் காட்டினார். கிழவனுக்குக் கால் எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, காவி உடுத்த துறவிதான்; தொழுநோயைக் காட்டி ரயிலில் ஏற்ற மறுத்தபோது, ஊர் ஊராக நடந்தே தேசப் பிரசாரம் செய்து, 1925-இல் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார்.

எல்லாக் காலையும் திறந்துவிட வேண்டும் என்பதும் என் கட்சியன்று. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலத்தின் அளவு மூன்றையும் எண்ணிச் செய்யும்படி வள்ளுவர் மருத்துவனுக்கு விதித்திருக்கிறார். தசை மரித்து விறைத்த காலுக்குள் இரத்தத்தைத் திருப்பிவிட்டால், அதில் தேங்கிய நஞ்சு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். அப்போது காலை எடுத்துவிடுவதோ, ஆயுள் முடியும் தறுவாயிலிருப்பவருக்கு வலியை மட்டும் தணித்து அருகில் அமர்வதோ உத்தமமான சிகிச்சையாகும். காலைத் தொட்டு, நாடி பார்த்து, ஆராய்ந்தபின் வருகிற ‘வேண்டாம்’ விவேகம். பாராமலே வருவது கைவிடல். இதற்கிடையே, நினைவு தெளிவாகப் படுத்திருக்கும் பெரியவரை யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அவர் மோட்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். “கொல்லைப் பக்கம் நானே நடந்து போயிட்டு வரணும், சாமி” என்றுதான் சொல்லியிருப்பார்.