அந்தப் பங்கு யாருடைய ஹக்கு?



அறிவில் சற்றுக் குறைபாடுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றார். பெருமானார் அவரை ஒதுக்கவில்லை. எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அவரையே தேர்ந்துகொள்ளச் சொல்லி, உடன் சென்று, அவருடைய காரியம் முடியும்வரை நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ளது.

நம்மில் சில வீடுகளிலோ, வாப்பா மௌத்தான பின் பாகம் பிரிக்கும்போது இத்தகைய பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. காரைக்காலில் பல வீட்டுப் பிள்ளைகள் பிரான்சிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். லீவில் வந்து கூடும் நாலு நாளில் பத்திரம் முடியவேண்டும். "அவனுக்கு என்ன தெரியும்? நாம்தானே பார்த்துக்கொள்கிறோம்!" என்று கைநாட்டு வாங்கி, விடுதலைப் பத்திரம் எழுதிவிடுகிறார்கள்.

சோறு போடுவது கடமை. அது பங்கின் விலையாகுமா? அந்நிஸா அத்தியாயம் வாரிசுப் பங்குகளை வகுத்தபோது, பிள்ளையின் புத்தியை அளந்து பார்க்கவில்லை. அதே அத்தியாயத்தின் 5-ஆம் வசனம், விவரமறியாதோர் கையில் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்கிறது; அத்துடன், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறது. வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய வலீ நீதியுடன் சொல்லவேண்டும் என்பது அல்பகராவின் 282-ஆம் வசனம். வலீ அமானத்தைக் காப்பவர். சொத்துக்கு உடையவர் அல்லர். புத்தி சுவாதீனமற்றவர் மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. அவருடைய ஹக்கு உயர்த்தப்படவில்லை!

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சொத்தை உடைமையாக வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் இவர்களுக்குச் சம உரிமை தருகிறது. உதவி செய்பவரின் லாபமும் இவருடைய நலனும் மோதினால், உதவுபவர் அந்தக் காரியத்தை விட்டு விலகவேண்டும். அப்படியிருக்க, பங்கை வாங்குகிற சகோதரரே கைநாட்டுக்கு விரலைப் பிடிக்கலாமா? காப்பாளர் தேவையானால், 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் கொடுக்கவேண்டும்.

ஆகவே, அவர் பங்கை அவர் பெயரிலேயே எழுதுங்கள். அவருக்குப் புரியும் பேச்சில் விளக்கி, விருப்பத்தைக் கேளுங்கள். ஜமாஅத் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்திடுமுன், "அந்தப் பிள்ளையின் பங்கு எங்கே?" என்று கேட்கட்டும். இங்கே கேட்கத் தெரியாதவருக்காக, மஹ்ஷரில் கேட்பவன் அல்லாஹ்! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் அவன் நம்மை வைப்பானாக! ஆமீன்.