தேர்வுத்தாளின் கடைசிக் கட்டம்

ஆரணியில் நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் நெசவாளி முகத்தைப் பார்க்க வேண்டும். குடும்பமே தறிக்குழியோடு கிடந்து முடித்த புடவை முதலாளி வீட்டில் விரிகிறது. கணக்குப்பிள்ளை அதை முதலில் தராசில் வைக்கிறார். கொடுத்த பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு. அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். இழை விட்டிருக்கிறதா, பார்டர் இழுத்திருக்கிறதா, கறை இருக்கிறதா. இருந்தால் கூலியில் பிடித்தம். நெசவாளி வாயைத் திறக்காமல் நிற்கிறார். எங்கம்மா பட்டு இழைக்கப் போன வீட்டில் சின்ன வயதில் இதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஏன் வாசலில் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

புடவையை எடை போடுவதிலுள்ள ஞாயம் அநியாயம் வேறு கட்டுரை. ஆளை அப்படி எடை போடலாமா என்பதுதான் இப்போது என்னைப் போட்டு அரிக்கிற கேள்வி.

போன வருஷம் எங்கள் காலனிப் பையன் ஒருவனைக் கபடித் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவன் பெயர் வேண்டாம், தேர்வை நடத்தியவர்கள் பெயரும் வேண்டாம். ஐம்பது அறுபது பையன்கள் வந்திருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். திரும்பு, நட, குனி. (பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் நின்ற நாள் ஞாபகம் வந்தது. நடக்கச் சொன்னது காலைப் பார்க்கத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.) உயரம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், ஓடவிட்டார்கள். ஆளுக்கு ஐந்து ரைடு. எங்கள் பையன் ஐந்து தடவை பாடிப்போனான், நாலு தடவை தொட்டுவிட்டுத் திரும்பினான். ஐந்தாவதில் மடக்கிவிட்டார்கள். தேர்வாளர் கையிலிருந்த தாளில் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் இருந்தது. கடைசிக் கட்டம் ‘பொது அபிப்பிராயம்’. அதற்கு மட்டும் அளவு கிடையாது.

அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கேட்டார்கள்.

“எந்த ஊருப்பா?”

“ஆரணி சார்.”

“ஆரணின்னா, ஆரணியில எங்க?”

பையன் சொன்னான். பேனா எழுதியது. சாயங்காலம் படித்த பட்டியலில் அவன் பெயர் இல்லை. மூன்று தடவை மட்டும் தொட்டவன் பெயர் இருந்தது. நான் போய்க் கேட்டேன். “நல்லாத்தாம்மா பாடுறான், இல்லேன்னு சொல்லல. ஆனா டீமோட ஒட்டமாட்டான்னு தோணுது” என்றார் ஒருவர். தாளைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

சாதியைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தப் பையனுக்குத் தற்காப்பு ஆட்டம் பலவீனம் என்பதும் உண்மைதான். ஆனால் நிரூபிக்க முடியாமல் இருப்பதற்காகவேதான் அந்தக் கட்டம் இருக்கிறது. ஓட்டத்துக்குக் கடிகாரம் சாட்சி, எடைக்குத் தராசு சாட்சி. ‘தோணுது’ என்பதற்கு யார் சாட்சி?

கபடி தொடுகிற விளையாட்டு. மூச்சை அடக்கிக்கொண்டு எதிராளி எல்லைக்குள் நுழைந்து, தொட்டுவிட்டு உயிரோடு திரும்புவது. தீண்டாமையை வைத்திருக்கிற ஒரு சமூகம் இப்படி ஒரு விளையாட்டை எப்படி வைத்துக்கொண்டது என்று யோசித்திருக்கிறேன். வைத்துக்கொண்ட விதம் இதுதான்: ஊருக்கு ஒரு அணி, சேரிக்கு ஒரு அணி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது பொங்கலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் போட்டி வைத்தார்கள். எங்கள் பையன்கள் பெயர் கொடுக்கப் போனார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்த ஒரு பெரியவர் மறைக்காமல் சொன்னாராம்: “அவனுங்க பாடிவந்தா நம்ம பசங்க காலப் புடிக்கணும்டா. புடிப்பானுங்களா?” பாடி வருகிறவனை நிறுத்தப் பல சமயம் கீழே விழுந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டியிருக்கும். சேரிக்காரன் காலை ஊர்க்காரன் பிடிப்பதா? கபடியைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு தத்துவவாதியும் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் பட்டென்று சொன்னதைத்தான் இன்றைக்குத் தேர்வாளர் ‘ஒட்டமாட்டான்’ என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்குப் பட்டது.

அதே பஸ்ஸில் பையனுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். “இந்தத் தேர்வு, ஏலம் எல்லாமே மாட்டுச்சந்தைதாண்டா. பல்லப் பிடிச்சுப் பாத்து வெல சொல்றது. அதுல போகாததே நல்லது” என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: “அங்க வெலையாவது வாய்விட்டுச் சொல்றாங்கக்கா. இங்க ஒண்ணுமே சொல்ல மாட்றாங்களே.”

அவன் சொன்னது புரோ கபடி ஏலத்தை. 2014இல் எட்டு அணிகளோடு ஆரம்பித்த லீக் அது. நம்ம தமிழ் தலைவாஸ் 2017இல் வந்து சேர்ந்தது. முதல் வருஷ ஏலத்தில் அதிக விலை 12.80 லட்சம், ராகேஷ் குமாருக்கு. 2022 ஏலத்தில் பவன் செஹ்ராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்துக்கான பட்டியலில் பல்கலைக்கழக விளையாட்டுகளில் இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு கபடி அணிகளிலிருந்து 24 பையன்களையும் சேர்த்தார்கள். எங்கள் பையன் கனவு அந்த வாசல். அவனுக்கு வேண்டியதெல்லாம் முதலில் ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் வருவது.

எடைபோடுதல் எவ்வளவு நிச்சயமில்லாதது என்பதற்கும் அந்த 2.26 கோடியே சாட்சி. அத்தனை நிபுணர்கள் கணக்குப்போட்டு எடுத்த பவன், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அடுத்த வருஷ ஏலத்தில் வேறு அணி அவரை இன்னும் அதிகம் கொடுத்து எடுத்தது. விலை என்பது நேற்றைய ஆட்டத்தைப் பார்த்து நாளைக்குக் கட்டுகிற பந்தயம். ஆளுக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் கால்பந்து என்று சொல்வது பெரும்பாலும் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற, மோதுகிற ஆட்டம். கல்லூரியில் ஆடுகிற பையன்களை வருஷா வருஷம் ஒரு இடத்தில் கூட்டி நாள்கணக்கில் அளக்கிறார்கள். நாற்பது கெஜ ஓட்டம், தூக்கும் எடை, குதிக்கும் உயரம், உள்ளங்கையின் அகலம்கூட. அதன் பிறகு தொழில்முறை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்கின்றன. எந்த ஊருக்குப் போவது என்பது பையன் கையில் இல்லை. கறுப்பு இளைஞர்களை வரிசையாக நிறுத்தி அளப்பதைப் பார்த்து அடிமைச் சந்தை ஞாபகம் வருகிறது என்று அங்கேயே பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் அந்த முறையில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1936இல் அதை ஆரம்பித்தபோதே வைத்த விதி: போன வருஷம் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. ஜெயித்தவன் கடைசியில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்றால், விட்டால் பணக்கார அணியே எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விடும், அப்புறம் ஆட்டமே இருக்காது. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் முதலாளிகளே கூடி, பின்தங்கியவனுக்கு முன்னுரிமை என்று விதி எழுதியிருக்கிறார்கள்! அதனால் தகுதி கெட்டுப்போயிற்று, திறமை செத்துப்போயிற்று என்று அங்கே கூச்சல் இல்லை. 1990இல் மண்டல் அறிக்கையை அமல்படுத்துவதாக அறிவித்தபோது இங்கே தெருவில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக் காட்டினார்களே, அவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம். பூட்ஸ் துடைக்கிறவன் யார், அவன் மனசு என்ன பாடுபடும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். அது கிடக்கட்டும்.

அணிகளுக்கு அப்படி நியாயம் பார்த்தவர்கள் ஆட்களுக்குப் பார்க்கவில்லை. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. சேர்த்த பிறகும் ஆட்டத்தை நடத்துகிற இடம், குவார்ட்டர்பேக் என்பார்கள், வெள்ளையனுக்கே என்று இருந்தது. ஓடுவதற்குக் கறுப்பன், யோசிப்பதற்கு வெள்ளையன். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய கறுப்புப் பையன்களை ஓடுகிற இடத்துக்கு மாற்றினார்கள். வாரன் மூன் தன் பல்கலைக்கழக அணியை நடத்திப் பெரிய கோப்பையே வாங்கிக்கொடுத்தவர். 1978 தேர்வில் ஒரு அணியும் அவரைத் தொடவில்லை. கனடாவுக்குப் போனார். அங்கே அவர் இருந்த அணி தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது. அப்புறம்தான் அமெரிக்காவில் கதவு திறந்தது. 2006இல் புகழ்மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். டாம் பிரேடியும் தப்பாக எடை போடப்பட்டவர்தான். 2000இல் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, ஏழு முறை உச்சக் கோப்பை வாங்கினார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பிரேடி விஷயத்தில் கண் தப்பாகப் பார்த்தது. மூன் விஷயத்தில் கண் பார்க்கவே மறுத்தது.

இன்னொன்று கேளுங்கள். ஆடி ஆடித் தலையில் அடிபட்டு மூளை கெட்டுப்போன பழைய வீரர்களுக்கு லீக் இழப்பீடு கொடுத்தது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சோதனை. அந்தச் சோதனையின் கணக்கில், கறுப்பர் என்றால் ஆரம்பத்திலேயே அறிவுத்திறன் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்கிற சூத்திரம் இருந்தது. குறைவான இடத்திலிருந்து ஆரம்பித்தால் கெட்டுப்போனதும் குறைவாகத்தானே தெரியும்? வழக்குப் போட்டார்கள், 2021இல்தான் அதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். தராசு ஒன்றுதான். முள்ளை மட்டும் ஆளுக்குத் தகுந்தாற்போல் நகர்த்தி வைத்திருந்தார்கள்.

நம்மில் இதற்கு மூத்த சாட்சி பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மைதான வேலைக்காரனாக இருந்தார். கிரெய்க் என்ற அதிகாரிக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையைப் பிடிக்க விடவில்லை. இந்து அணிக்கு அவர் பந்துவீச்சு வேண்டும், ஆனால் தேநீர் வெளியே, தனி மண்குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவருக்கு அணித்தலைமை கொடுக்க மனசு வரவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே எடுத்தபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் விலகி நின்றார்கள். அதற்கப்புறம் அவரை உபதலைவராகக் கூப்பிட்டார்கள். 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். (இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது வரலாற்றின் வேறொரு வேடிக்கை.) பாலுவின் விக்கெட்டுகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்ணிக்கை அவரை அணிக்குள் கொண்டுவந்தது. தலைமை என்பது எண்ணிக்கை இல்லாத கட்டம். அங்கே நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதுகிற நானும் தராசைப் பிடித்திருக்கிறேன். எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளில் ஐந்து பேரைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று வந்தது. பதினோரு பேரை ஓடவிட்டு, முதல் ஐந்து பேரை எடுத்தேன். நியாயமாகத்தான் செய்தேன், கடிகாரம் வைத்து. கடைசியில் வந்த பெண் ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து அவள் அம்மாதான் சொன்னார்: “ராத்திரி பன்னெண்டு மணி வரிக்கும் எங்கூட நூல் இழைச்சிட்டு, காலைல ஒண்ணும் துன்னாம வந்திச்சி டீச்சர்.” கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய கால் எத்தனை வேகம் என்பதையும் அது சொல்லவில்லை. அவளுக்கு முந்தின ராத்திரி கிடைத்த தூக்கத்தை அளந்தது, அவ்வளவுதான். அதைத் திறமை என்று நான் எழுதிவைத்தேன். மறுவருஷம் அவளை அனுப்பினேன். அது ஈடாகாது.

அதனால் அளக்கவே கூடாது என்கிறாயா என்று கேட்டால், இல்லை. முன்னால் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மனிதனை எண்ணாக்குவது வன்முறை என்று கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். எண்ணுக்குப் பயப்படுகிற சுகம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவனுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. (பாருங்கள், எனக்கும் ‘தோணுது’.) வாசலில் நிற்கிறவனுக்கு எண் வேண்டும். நாலு தடவை தொட்டான் என்பது எண். அதை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும், தாளைக் கேட்டால் காட்ட வேண்டும், கடைசிக் கட்டத்தில் என்ன எழுதினாய் என்று சொல்ல வேண்டும். எண் போதாது என்கிற பேச்சை அதற்கப்புறம் பேசலாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதற்கும் ஒரு கட்டம் போடலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஜெயித்து வந்த பிறகு 25 லட்சமும் மாலையும் கிடைத்தன. நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்தெடுத்து ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்ட குடியிருப்பு அது. அங்கே இன்னும் எத்தனை பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தேர்வாளர்கள் எத்தனை தடவை போயிருப்பார்கள்?

எங்கள் பையனுக்கு அடுத்த மாசம் வேறொரு இடத்தில் தேர்வு இருக்கிறது. போன வாரம் வந்தான். “எடை மட்டும் ரெண்டு கிலோ கொறையுதுன்னு பயமா கீதுக்கா” என்றான். அவன் அப்பா வேலை செய்கிற அரிசி ஆலைக்குப் போய், மூட்டை போடுகிற தராசில் ஏறி நின்றான். அறுபத்தெட்டு. அவன் அப்பா குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, “எறங்கிட்டு திருப்பி ஏறுடா, இது காலைல இருந்தே ஒரு கிலோ கம்மியாத்தான் காட்டுது” என்றார்.